கண்டி வீதியில் ஒரு நாள்: குன்றுக் கோட்டைகளும் குன்றடி ஊர்களும்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற தவணை விடுமுறையில் தரம் 10, 11 பிள்ளைகளோடு ஒரு நாள் கல்விச் சுற்றுலா போய் வந்தோம். அநுராதபுரமோ பொலன்னறுவையோ இல்லை. கொழும்பு - கண்டி வீதியில் உத்துவன்கந்தைக்கும் பிலிமத்தலாவைக்கும் இடைப்பட்ட துண்டுதான். இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் நூறு தடவை பஸ்ஸில் கடந்த பாதை. அதிலும் பாதித் தடவை தூங்கிக்கொண்டே கடந்த பாதை.

வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு சிங்கள வரலாற்று ஆசிரியர். யட்டிநுவரப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். பிள்ளைகள் காலையிலேயே அவருக்கு ‘லொகு சேர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் சிங்களத்தில் சொல்ல, பிள்ளைகளுக்கு விளங்காத இடங்களை நான் தமிழில் சொன்னேன்.

ஏன் இந்தப் பயணம் என்றால், வகுப்பில் கண்டி இராச்சியம் படிப்பிக்கும்போது ஒரு மாணவன் கேட்ட கேள்விதான் காரணம். “சேர், இது அவங்கட சரித்திரம்தானே? எக்ஸாமுக்குத்தானே நாங்க படிக்கிறோம்?” குறும்புக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறான். 2001 மே மாதம் மாவனல்லையில் நடந்ததை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். 2018 மார்ச்சில் திகனையையும், 2019 மே மாதத்தையும் கண்ணால் பார்த்தவர்கள். “நீங்க எங்கிருந்து வந்தீங்க?” என்ற கேள்வி அவர்களுக்குப் புதிது இல்லை. அந்தக் கேள்விக்கு நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும் பதில் சரியான பதில்தானா என்பதே இந்தப் பதிவின் விஷயம்.

இந்தப் பாதையில் ஒரு வசதி இருக்கிறது. கீழிருந்து மேலே ஏற ஏற காலத்தில் பின்னால் போவோம். உத்துவன்கந்தையில் 1864. கடுகண்ணாவையில் 1820கள். பலனவில் 1600கள். கடலாதெனியவிலும் லங்காதிலகவிலும் 1344. அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

*உத்துவன்கந்தை*

கேகாலை தாண்டி மாவனல்லைக்கு வரும் வழியில் தெரியும் பாறைத் தலை கொண்ட குன்று. ஆங்கிலேயர் ‘கோட்டைக் குன்று’ என்ற பொருளில் இதற்குப் பெயர் வைத்தார்கள். மதில் கட்டிய கோட்டை இங்கே இல்லை. பாறைகளும் குகைகளும்தான் கோட்டை. மேலே நின்றால் கண்டி வீதியில் எந்த வண்டி வருகிறது, எது போகிறது என்பதெல்லாம் தெரியும். 1832 இல் பிறந்த தீகிரிகேவகே சரதியேல் ஒளிந்திருந்த இடம். பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்று சிங்களக் கிராமங்களில் இன்றும் கதை சொல்கிறார்கள். அவனுடைய வாழ்க்கையைக் காட்டும் ஒரு மாதிரிக் கிராமமும் அருகில் உண்டு. பிள்ளைகளுக்கு அது நன்றாகப் பிடித்தது.

சரதியேலின் மிக நெருங்கிய கூட்டாளி மம்மாலி மரிக்கார். பெயரைச் சொன்னதும் பஸ்ஸில் ஒரு அமைதி. பிறகு பின் ஆசனத்திலிருந்து ஒரு மாணவி: “எங்கட ஆளா சேர்?”

ஆம், சோனகர்தான்.

1864 மார்ச் 21 ஆம் திகதி, மாவனல்லையில் ஒரு வீட்டில் இருவரும் இருப்பதாகத் தகவல் கிடைத்து பொலிஸார் சுற்றி வளைத்தார்கள். உள்ளே இருந்து சூடு வந்தது. அதில் துவான் சபான் என்ற கான்ஸ்டபிள் கொல்லப்பட்டார். கடமையில் இருக்கும்போது கொல்லப்பட்ட முதலாவது இலங்கைப் பொலிஸ் வீரர் என்று அவரைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் மார்ச் 21 பொலிஸ் வீரர் தினமாக அனுட்டிக்கப்படுவது அந்த நாளின் நினைவாகத்தான். துவான் சபான் மலாய் முஸ்லிம். அவரைச் சுட்டது மம்மாலி மரிக்கார் என்றே பெரும்பாலான குறிப்புகள் சொல்கின்றன. பிறகு கண்டியிலிருந்து படையினர் வந்த பின்னரே இருவரும் பிடிபட்டார்கள். கண்டியில் வழக்கு நடந்து, 1864 மே 7 ஆம் திகதி சரதியேலும் மம்மாலியும் ஒன்றாகத் தூக்கிலிடப்பட்டார்கள்.

இங்கே நின்று கொஞ்சம் யோசியுங்கள். எங்களுடைய மேடைகளில், சஞ்சிகைகளில், விழா மலர்களில் துவான் சபானைப் பற்றிப் பேசுவோம். “இந்த நாட்டுப் பொலிஸில் முதலில் உயிர் கொடுத்தவர் ஒரு முஸ்லிம்” என்று பெருமையாகச் சொல்வோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அவர் எதிரே யார் இருந்தார் என்பதைச் சொல்வதில்லை. சரதியேலைப் பற்றிப் பேசும் சிங்கள நண்பர்களோ மம்மாலியை அன்போடு சொல்கிறார்கள். கடைசி வரை கூட்டாளியைக் கைவிடாதவன் என்பது அவர்களுடைய கணக்கு. எங்களுடைய பிள்ளைகளுக்கோ அந்தப் பெயரே தெரியாது.

“அப்ப மம்மாலி நல்லவரா கெட்டவரா சேர்?” என்று கேட்டார்கள். நான் லொகு சேரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டு ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டார். சரதியேல் நல்லவனா கெட்டவனா? பிள்ளைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து பேச ஆரம்பித்தார்கள். கொள்ளையடிப்பது பாவம் என்றார்கள் சிலர். அந்தக் காலத்து ஊர்மக்கள் ஏன் அவனுக்குச் சோறு போட்டார்கள் என்று கேட்டார்கள் வேறு சிலர். சரதியேலைப் பற்றி அப்படித் தாராளமாக வாதாட முடிந்த பிள்ளைகள், மம்மாலி என்று வந்ததும் மட்டும் தயங்கினார்கள். சரதியேல் தப்புச் செய்தால் அது சரதியேலின் தப்பு. மம்மாலி தப்புச் செய்தால் அது எங்கள் எல்லோருடைய தப்பாகிவிடும் என்ற பயம் பதினைந்து வயதிலேயே வந்துவிட்டது. அந்தப் பயத்தைப் பார்த்தபோதுதான் இந்தப் பயணம் வீண்போகவில்லை என்று தோன்றியது.

*மாவனல்லை*

மாவனல்லையில் மகா ஓயாவுக்கு மேலே இருக்கும் பழைய பாலத்தில் ஐந்து நிமிடம் நின்றோம். 1830களின் தொடக்கத்தில் கட்டிய செங்கல் வளைவுப் பாலம். தினமும் கடக்கிறோம், இறங்கிக் கீழே பார்ப்பதில்லை.

சுற்றியுள்ள முஸ்லிம் ஊர்கள் பிரித்தானியர் காலத்துக்கு முந்தியவை. கண்டி மன்னருக்குக் கீழே இங்கே முஸ்லிம்கள் இருந்தார்கள். எப்படி வாழ்ந்தார்கள்? முக்கியமான இரண்டு தொழிலைச் சொல்லலாம்.

ஒன்று தவளம். வரிசையாக மாடுகளின் முதுகில் பொதி ஏற்றிக்கொண்டு போகும் வியாபாரம். புத்தளத்து உப்பு, கருவாடு, புடவை மேலே போகும். பாக்கும் மிளகும் கீழே வரும். வண்டி போகும் பாதையே மன்னர்கள் வைக்கவில்லை. எதிரிக்கு வசதியாகிவிடும் என்பதால் வேண்டுமென்றே வைக்கவில்லை. எனவே மாடு இல்லாமல் மலைநாட்டுக்கு உப்பில்லை. அரசனுடைய பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென்றே ஒரு நிர்வாகப் பிரிவு இருந்தது. அதன் பெயர் மடிகே பத்த. அதில் பெருமளவு இருந்தவர்கள் முஸ்லிம்கள். சேவைக்குப் பதிலாகக் காணி அனுபவித்தார்கள். மடிகே என்ற பெயர் இன்னும் ஊர்ப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குருநாகல் மாவட்டத்தில் மடிகே மிதியால இருக்கிறதே, அந்த மடிகேதான் இது. ஊர்ப் பெயரே ஒரு ஆவணம்.

மற்றது வைத்தியம். கண்டி அரண்மனை வைத்தியர்களில் முஸ்லிம் பரம்பரைகள் இருந்தன. கோபால முதலி பரம்பரை அதில் நன்கு தெரிந்தது. அரசன் தன்னுடைய நாடியைப் பிடித்துப் பார்க்க விட்டான் என்றால் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும் என்று லொகு சேர் சொன்னார்.

*கடுகண்ணாவை*

ஹிங்குலை, கணேதென்ன தாண்டி வளைந்து வளைந்து ஏறும் பாதை. ஒரு பக்கம் பத்தலேகல தெரியும். ஆங்கிலேயர் ‘பைபிள் பாறை’ என்று பெயரிட்ட, மேசை போலத் தலை தட்டையான மலை. பாறையைக் குடைந்து பாதை விட்ட இடத்தில் எல்லா வாகனமும் நின்று படம் எடுக்கும். மலையைத் துளைத்து வருபவன்தான் கண்டியைப் பிடிப்பான் என்று ஒரு முன்னறிவிப்பு இருந்ததாகவும், அதை நிறைவேற்றிக் காட்டவே ஆங்கிலேயர் துளைத்தார்கள் என்றும் கதை. கதை கதையாகவே இருக்கட்டும். கண்டி 1815 மார்ச் 2 ஆம் திகதி ஒப்பந்தத்தோடு கை மாறிவிட்டது. பாதை அதற்குப் பிறகு வந்தது.

தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் இந்த வீதியை வெட்டுவித்தார். பொறியியலாளர் கப்டன் டோசன். 1829 இல் இறந்தார். அவர் நினைவாக 1832 இல் கட்டிய உயரமான வெள்ளைத் தூண் கடுகண்ணாவை நகரில் நிற்கிறது. அதே 1832 இல்தான் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையில் குதிரைத் தபால் வண்டி ஓட ஆரம்பித்தது.

தூணில் டோசனுடைய பெயர் இருக்கிறது. கல்லை உடைத்தவர்களின் பெயர் இல்லை. இந்தப் பாதை இராஜகாரிய முறையில், கட்டாய ஊழியத்தால் வெட்டப்பட்டது. கண்டி அரசனுக்குச் செய்துவந்த ஊழியத்தையே புதிய அரசும் வாங்கிக்கொண்டது. பழைய ஊழியத்துக்குக் காணி இருந்தது, ஊர் வழக்கு இருந்தது, எல்லை இருந்தது. மலையை வெட்டும் ஊழியத்துக்கு அப்படி எல்லை இருக்கவில்லை. கோல்புறூக் - கமரன் சீர்திருத்தத்தோடு 1830களில்தான் அந்த முறை நீக்கப்பட்டது. தரம் 11 பிள்ளைகளே, பரீட்சைக்கு ஆண்டை மட்டும் பாடமாக்க வேண்டாம். அந்தத் தூணுக்குக் கீழே ஒரு தடவை நின்று பாருங்கள்.

இந்தப் பாதை தவளத்தின் கதையையும் முடித்தது. முதலில் கரத்தை வந்தது. 1867 இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. பொதிமாட்டுக்கு வேலை இல்லை. தவளம் கொண்டு போனவர்களின் பிள்ளைகள் வீதியோரத்துக் கடைக்காரர் ஆனார்கள். கண்டி வீதி நெடுகிலும் முஸ்லிம் கடைகள் ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பகுதிப் பதில் இங்கே இருக்கிறது. அவர்கள் பாதையைத் தேடி வந்தவர்கள் மட்டுமல்ல. பாதை வருவதற்கு முன்பே அந்த வழியில் நடந்தவர்களும்தான்.

*பலன*

லுஹர் தொழுதுவிட்டு, சோற்றுப் பார்சல்களை முடித்துக்கொண்டு பலனவுக்குப் போனோம். இதுதான் நாளின் முக்கியமான இடம். புகையிரதத்தில் போகிறவர்கள் கடுகண்ணாவைக்கு முந்திய சின்ன நிலையமாகப் பலனவைப் பார்த்திருப்பீர்கள். கோட்டை இருந்தது மேலே, குன்றின் தலையில். ஊரிலிருந்து நடந்து ஏற வேண்டும். இப்போது அத்திவாரக் கற்களும் சுவர்ச் சிதைவுகளும்தான் மிச்சம். பெரிய மாளிகையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துவிடுவார்கள்.

ஆனால் மேலே நின்று மேற்கே திரும்பினால் ஏன் இங்கே கோட்டை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழ் நாடு முழுவதும் விரிந்து கிடக்கிறது. அலகல்ல மலை பக்கத்தில் நிற்கிறது. பலன என்றால் சிங்களத்தில் ‘பார்க்கின்ற’ என்று பொருள். பெயரே வேலையைச் சொல்கிறது.

போர்த்துக்கேயர் கண்டியைப் பிடிக்க வந்த ஒவ்வொரு முறையும் இந்தக் கணவாயைக் கடக்க வேண்டியிருந்தது. 1594 இல் பேத்ரோ லோப்பெஸ் டி சூசா, குசுமாசன தேவியை, அதாவது தோனா கதரினாவை அரியணையில் அமர்த்துவதாகச் சொல்லிக்கொண்டு படையோடு வந்தான். கண்டிக்குள் நுழையவும் முடிந்தது. ஆனால் அந்த ஒக்டோபரில் இங்கிருந்து கிட்டத்தில் இருக்கும் தந்துரையில் படை சுற்றி வளைக்கப்பட்டு அழிந்தது. வென்ற கொனப்பு பண்டாரதான் தோனா கதரினாவை மணந்து முதலாம் விமலதர்மசூரியன் ஆனான். 1603 இல் டி அஸவேது பெரும் படையோடு வந்து பலனக் கோட்டையைப் பிடித்தான். பிடித்தும் நிலைக்க முடியவில்லை. கூட வந்த லஸ்கரின் படையினர் மாறிவிட்டார்கள். அடிபட்டு அடிபட்டுக் கீழே இறங்கிய அந்தப் பின்வாங்கலைப் போர்த்துக்கேய வரலாறு மறக்கவில்லை. 1638 மார்ச்சில் கன்னொருவையில் இரண்டாம் இராஜசிங்கனிடமும் அதே கதைதான். வெறுமையாகக் கிடந்த கண்டிக்குள் நுழைந்தார்கள், எரித்தார்கள், திரும்பும் வழியில் சிக்கினார்கள்.

லொகு சேர் பிள்ளைகளிடம் கேட்டார்: “கோட்டை விழுந்தது. ஆனால் நாடு விழவில்லை. ஏன்?”

அவரே விளக்கினார். கண்டியின் கோட்டை இந்தக் கற்கள் மட்டுமல்ல. கீழேயுள்ள காடு, ஒற்றையடிப் பாதை, ஊர்கள், கடவத்தைகள் எல்லாம் சேர்ந்ததுதான் கோட்டை. 1660 முதல் ஏறத்தாழ இருபது வருடம் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681 இல் வெளியான தன் நூலில் முட்கதவுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பாதையின் குறுக்கே முள்ளால் செய்த கதவு, அதற்குக் காவல். கடந்து போகக் களிமண்ணில் பதித்த அடையாளம் வேண்டும். படைவீரனுக்கு ஈட்டி பிடித்த மனிதன், சுமை தூக்குபவனுக்குக் காவடி போல் இரு பக்கமும் பொதி தொங்கும் மனிதன், வெள்ளைக்காரனுக்குத் தொப்பியும் வாளும் உள்ள மனிதன். அந்தக் காலத்து அடையாள அட்டை. பிள்ளைகள் இதைக் கேட்டு நன்றாகச் சிரித்தார்கள்.

இப்போது மனதில் வைக்க வேண்டிய இரண்டு விஷயங்கள்.

முதலாவது, போர்த்துக்கேயப் படையில் போர்த்துக்கேயர் சிறு பகுதியே. பெரும் பகுதி லஸ்கரின்கள், இந்தத் தீவின் கீழ்நாட்டு மக்கள். இந்தக் குன்றில் இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஒரே மொழி பேசியவர்களே நின்றார்கள். இன்று நாங்கள் போடும் இனக் கோடு அன்றைய போர்க்களத்தில் அப்படியே ஓடவில்லை. 1803 இல் கண்டியிலும் பாருங்கள். ஆங்கிலேயப் படையிலும் மலாய் வீரர்கள், கண்டி அரசன் படையிலும் மலாய் வீரர்கள். ஆங்கிலேயர் பக்கம் நின்ற கப்டன் நூருதீன், அரசனின் சேவையில் சேர மறுத்ததால் கொல்லப்பட்டார். அரசன் பக்கம் நின்ற மலாய்த் தலைவரும் அதே சண்டையில் இறந்தார். இருவரும் முஸ்லிம்கள். யாரை ‘விசுவாசி’ என்பது, யாரைத் ‘துரோகி’ என்பது?

இரண்டாவது, 1626 இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது செனரத் மன்னன் இடம் கொடுத்தான். ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தியதாகப் பதிவு இருக்கிறது. இது உதவி. நன்றியோடு நினைக்க வேண்டியது. அதே நேரம், வியாபாரமும் கடல் தொடர்பும் தெரிந்த மக்களைத் தன் பக்கம் வைத்துக்கொள்வது ஒரு அரசனுக்கு இலாபமும்தான். கருணையும் கணக்கும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. இரண்டும் சேர்ந்தே அரசியல்.

இங்கே பங்கரகம்மனைக் கதையைச் சொல்ல வேண்டும். எங்களில் பலருக்குத் தெரியும். எதிரி துரத்த ஓடிவந்த இரண்டாம் இராஜசிங்கனை ஒரு முஸ்லிம் பெண் மரப்பொந்தில் ஒளித்து வைத்தாள். காட்டிக்கொடுக்க மறுத்ததால் அவளை வெட்டினார்கள். ‘என்னைக் காத்த இரத்தம்’ என்று அரசன் சிங்களத்தில் சொன்னதிலிருந்துதான் ‘மரக்கல’ என்ற பெயர் வந்தது என்பார்கள். உருக்கமான கதை. ஆனால் சொல்லைப் பொறுத்தவரை தமிழ் தெரிந்த எங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. மரக்கலம் என்றால் கப்பல். கப்பலில் வந்து போனவர்களுக்கு அந்தப் பெயர். மரிக்கார், மரைக்காயர் என்ற பெயர்களையும் பலர் அந்தச் சொல்லோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள்.

கதையை மறக்கச் சொல்லவில்லை. அந்தக் கதையை நாங்கள் எதற்காகச் சொல்கிறோம் என்று கேட்கச் சொல்கிறேன். “நாங்கள் இரத்தம் கொடுத்தோம், ஆகவே எங்களை இருக்க விடுங்கள்” என்று சொல்வதற்காகவா? கண்டி மன்னனுக்கு மருந்து கொடுத்தோம், உப்புக் கொண்டு போனோம், உயிர் கொடுத்தோம் என்று ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் ஒரு பட்டியல் தயாரித்து நீட்டுகிறோம். வரலாற்றை நன்னடத்தைச் சான்றிதழ் ஆக்கிவிட்டோம். அந்தச் சான்றிதழில் மம்மாலிக்கு இடமில்லை. அதனால் அவரை மறைக்கிறோம். மறைத்த இடத்தில் பயம் வளர்கிறது.

சிங்களப் பிள்ளை சரதியேலையும் வைத்துக்கொள்கிறது, விமலதர்மசூரியனையும் வைத்துக்கொள்கிறது. அதற்கு யாருக்கும் சான்றிதழ் காட்டத் தேவையில்லை. ஒரு நாட்டில் ஒருவருக்கு இருக்கும் உரிமை, பாட்டன் அரசனுக்குச் செய்த சேவைக்குக் கிடைத்த பரிசு இல்லை. அது பிறந்ததால் வந்தது. எங்களுடைய பிள்ளைகள் மம்மாலியையும் துவான் சபானையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகும் நாளில்தான் அவர்கள் இந்த நாட்டு வரலாற்றைத் தங்களுடையதாகப் படிக்கிறார்கள் என்று சொல்லலாம்.

*கடலாதெனியவும் லங்காதிலகவும்*

கடைசியாகப் பிலிமத்தலாவையிலிருந்து உள்ளே திரும்பி இந்த இரண்டு விகாரைகளுக்கும் போனோம். இரண்டும் கம்பளைக் காலம், நான்காம் புவனேகபாகுவின் ஆட்சி, ஆண்டு 1344. கடலாதெனிய கருங்கல்லில் தென்னிந்தியக் கோயில் கட்டடப் பாணியில் நிற்கிறது. கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி என்று கல்வெட்டே சொல்கிறது. பெயரைப் பார்த்தால் எங்கிருந்து வந்த மரபு என்று விளங்கும்.

லங்காதிலக பாறை மேலே உயர்ந்து நிற்கும் செங்கல் கட்டடம். அதன் அருகே பாறையில் வெட்டிய கல்வெட்டு சிங்களத்திலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. விகாரைக்குக் கொடுத்த காணிகளும் மானியங்களும் பற்றிய சாசனம். மத்திய மலைநாட்டில், ஒரு பௌத்த விகாரையில், 1344 இல் தமிழில் எழுதுவதற்கு ஒரு தேவை இருந்திருக்கிறது. வாசிக்கும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். எழுத்து வடிவம் இன்றையது போல் இல்லை. என்றாலும் பிள்ளைகள் குனிந்து குனிந்து தெரிந்த எழுத்துகளைத் தேடினார்கள். “இது ‘ப’ போல இருக்கு சேர்” என்று ஒருவன் சத்தம் போட்டான். “சரித்திரம் அவங்கட” என்று கேட்ட அதே மாணவன்தான்.

அதே 1344 இல்தான் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து வந்து புத்தளத்தில் இறங்கினார். ஆரியச்சக்கரவர்த்தியின் உபசரிப்பைப் பெற்று, பாவா ஆதம் மலைக்கு ஏறினார். வழியில் ‘குனகார்’ என்ற தலைநகரைப் பற்றி எழுதுகிறார். அது குருநாகலா கம்பளையா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. நகருக்கு வெளியே ஷீராஸ் நகரத்து ஷெய்கு உஸ்மானின் பள்ளிவாசல் இருந்தது என்றும், அரசனும் ஊர் மக்களும் அந்தப் பெரியவரை மதித்தார்கள் என்றும் குறித்திருக்கிறார். இந்த விகாரைகளின் கல்லைச் செதுக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டில் அந்தப் பயணி இந்தத் தீவில் நடந்துகொண்டிருந்தார். வரலாற்றுப் பாடத்தில் ‘கம்பளைக் காலம்’ ஒரு அலகு, ‘வெளிநாட்டுப் பயணிகள்’ வேறு அலகு. ஆண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இரண்டும் ஒரே நாட்கள் என்று தெரிகிறது.

*போக விரும்புகிறவர்களுக்கு*

ஆசிரியர்கள், பெற்றோர் சிலர் உள்பெட்டியில் விபரம் கேட்டிருந்தீர்கள்.

சுபஹ் தொழுத கையோடு புறப்பட்டால் மாலைக்குள் முடிக்கலாம். எல்லாக் குன்றிலும் ஏற நினைக்க வேண்டாம். பலனவில் மட்டும் கட்டாயம் ஏறுங்கள். மழை நாளில் வேண்டாம். பாறை வழுக்கும், அட்டையும் கடிக்கும். தண்ணீர் கொண்டு போங்கள். சிதைவுக் கற்களில் ஏறவோ, பெயர் எழுதவோ, கல்லைக் கையில் எடுத்து வரவோ கூடாது. அவை தொல்பொருட்கள்.

விகாரைகளில் செருப்பையும் தொப்பியையும் கழற்றுங்கள். சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்க வேண்டாம் என்று பஸ்ஸில் இருக்கும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். பயத்துக்காக அல்ல, மரியாதைக்காக என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முடிந்தால் அந்தந்த ஊரைச் சேர்ந்த ஒரு சிங்களப் பெரியவரை வழிகாட்டியாகக் கூட்டிப் போங்கள். புத்தகத்தில் இருப்பதை நாங்களே சொல்லலாம். ஆனால் மம்மாலியைப் பற்றி ஒரு சிங்கள ஆசிரியர் அன்போடு பேசுவதைக் கேட்பதும், தோனா கதரினாவைப் பற்றி எங்கள் பிள்ளை அவரிடம் கேள்வி கேட்பதும் புத்தகத்தில் கிடைக்காது.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் ஊரின் பெயர் எப்படி வந்தது, உங்கள் பெரியாப்பா காலத்தில் தவளம் போனவர்கள் இருந்தார்களா, வீட்டில் பழைய உறுதி, ஓலை, சன்னஸ் ஏதாவது இருக்கிறதா என்று வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். நல்லதை மட்டும் எழுத வேண்டாம். வழக்குப் போட்டது, சண்டை பிடித்தது, தோற்றது, ஊரைவிட்டுப் போனது எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். கீழே கருத்துப் பகுதியிலும் பதியுங்கள். அடுத்த தவணைக்கு அவற்றை வைத்தே பிள்ளைகளுக்கு ஒரு பாடம் செய்ய எண்ணியிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.